தொட்டியும் குடமும்

அடையாறு பக்கத்தில் ஓர் ஆடம்பர விடுதி. நண்பர் இல்லத் திருமணத்துக்காக ஓரிரவு தங்கினேன். மூலிகை எண்ணெய், நீராவி அறை, பளிங்குத் தொட்டி! குழாயைத் திருகினேன், கொட்டிற்று வெந்நீர். மறைப்பானேன்? சுகமாகத்தான் இருந்தது. ஆனால், ஒரு கணக்கு நெஞ்சைக் குத்திற்று: தொட்டி கொண்டது ஏறத்தாழ 150 லிட்டர், பத்துக் குடம்!

'ஸ்பா' என்பது பெல்ஜிய நாட்டில் ஊற்றுநீருக்குப் பேர்போன ஓர் ஊரின் பெயர். அங்கே ஊற்று இருந்தது, குளியல் வளர்ந்தது. இங்கே?

2019 கோடையை மறந்தீர்களா, தோழர்களே? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. தாய்மார் குடத்தோடு தெருவில் காத்துக் கிடந்தனர். ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் இரயிலேறி வந்தது. காசுக்கு விற்ற லாரித் தண்ணீரோ, காசுள்ளவன் வாசலுக்கே ஓடிற்று. அறநிலையத் துறை என்ன செய்தது? கோவில்களில் மழை வேள்வி நடத்தச் சொல்லிற்று!

வானம் பொய்த்ததாம்! 2015இல் அதே வானம் கொட்டிற்றே. அடையாறு கரைபுரண்டு கடலில் கலந்ததே! தேக்கத் தவறியவன் மனிதன், பழி வருணனுக்கு!

வேள்விக் குண்டம் வேண்டாம்; ஏரியைத் தூர்வாருவோம். தண்ணீருக்கு வரிசை உண்டெனில், குடம் முந்தட்டும், தொட்டி காத்திருக்கட்டும்!