கொதிகலனும் நிறத்திமிரும்

நீராவிப் படகு என்றதும் 1807-இல் ஹட்சன் ஆற்றில் ஓட்டிய புல்டனையே பாடநூல்கள் பறைசாற்றுகின்றன. இருபதாண்டு முன்னரே, 1787-இல், டெலாவேர் ஆற்றில் ஓட்டிக் காட்டிய ஜான் பிட்ச் வறுமையில் மாண்டார். அக்கதை கிடக்கட்டும். 1833-இல் பம்பாயில் 'இண்டஸ்' எனும் சிறு கலத்தை நீராவியால் இயக்கினாரே அர்தசீர் குர்சேத்ஜி வாடியா, அவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1841-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று. அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே! அதே ஆண்டு பம்பாய் நீராவித் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளருமானார். ஐரோப்பியருக்கு மேலே ஓர் இந்தியரா எனப் பதறிற்று 'பம்பாய் டைம்ஸ்' ஏடு. கொதிகலன் நிறம் பார்த்தா கொதித்தது? கோவிலம்பாக்கத்துத் தோழர்களே, 1906-இல் சுதேசிக் கப்பல் கண்ட வ.உ.சி.யின் படத்தருகே, படிப்பகச் சுவரில் இவர் படத்தையும் மாட்டுங்கள்.