எர்த் இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்?

‘‘கோடையில் மட்டும் பம்புசெட் மோட்டாரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. எர்த் போட்டிருந்தும் ஏன்?’’
- வாசகர், ஸ்ரீரங்கம்.

மோட்டாரில் மின்கசிவு இருக்கிறது. உடனே மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

காவிரி, கொள்ளிடக் கரைகளின் மணற்பாங்கான நிலம் கோடையில் காய்ந்துவிடும். காய்ந்த மணலில் மின்சாரம் எளிதில் இறங்காது. எர்த் தடை கூடும். தடை 50 ஓம் என்றால், 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்கும் குறைவாகவே இறங்கும். அதற்கு மோட்டார் ஃபியூஸ் போகாது. மோட்டார் உடம்பில் மின்சாரம் அப்படியே நிற்கும். ஈரக்கையோடு தொட்டால் உயிருக்கே ஆபத்து.

எர்த் குழியில் 2.5 மீட்டர் ஜி.ஐ. குழாய் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி, கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றி வாருங்கள். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் காட்டினால் நல்லது. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தினால், சிறு கசிவிலேயே மின்சாரம் துண்டிக்கப்படும்.