புயலும் நோயாளர் ஜாபிதாவும்

2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலி கொண்டது. அடுத்தாற்போல் வாந்திபேதி பரவுமென்று பலர் அஞ்சினர், பரவவில்லை. சுகாதார ஊழியர்கள் முகாந்தோறும் தினமும் நோயாளிகளைக் கணக்கெடுத்ததும், குடிநீரில் குளோரின் கலந்ததும் அதற்கு முக்கிய காரணங்கள்.

இன்று அபாயம் வேறு உருவில் நிற்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் பல நாள் மின்சாரத்தை அறுத்தது. இன்சுலினைக் குளிர்ச்சியில் வைக்க வழியின்றித் தவித்தோர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு வேண்டாமா? ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் வீடு தேடி மாத்திரை வழங்குகிறது. ஆகவே நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உடையோரின் ஜாபிதா சர்க்காரிடமே இருக்கிறது. அதில் கர்ப்ப ஸ்திரீகளையும் சேர்த்து, ஐப்பசி பிறக்குமுன் ஆண்டுதோறும் புயல் பாதுகாப்பு மையத்தாரிடம் ஒப்படைக்க வேண்டுமென வற்புறுத்துகிறோம். இதற்குக் கமிஷன் எதுவும் வேண்டாம். ஜில்லா கலெக்டரின் உத்தரவொன்று போதும்.