அபாயாவுக்குள் ஒளித்து வைக்கும் கால்கள்

கொஞ்சம் நீண்ட பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஸ்டாப் ரூமில் இடைவேளை மணி அடித்தால் முதல் வேலை தேநீர் அல்ல, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை இன்னொரு கதிரையில் தூக்கி வைப்பதுதான். காலையில் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் நின்று வருகிறோம், பிறகு பாடத்துக்குப் பாடம் நின்றே படிப்பிக்கிறோம். நாற்பது தாண்டிய எங்களில் பலருக்குக் கெண்டைக்காலில் நீலமாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அபாயா மூடிவிடுவதால் ஊருக்குத் தெரியாது. வுளூ செய்யும்போது நாங்கள் பார்க்கிறோம்தானே?

"நரம்பு சுருட்டல்" என்கிறோம். அது நரம்பே அல்ல, நாளம். நாளங்களுக்குள் வால்வு இருக்கிறது, இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கிறது என்று பிள்ளைகளுக்கு நாங்களே சொல்லிக் கொடுக்கிறோம். அந்த வால்வு பழுதானால் இரத்தம் காலில் தேங்கும். கண்டியில் மேடும் படியும் ஏறுவதால் வருகிறது என்பார்கள். அது பிழை. நடக்கும்போது கெண்டைத்தசை இரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நிற்பதுதான் கேடு.

ஆபரேஷன் என்றாலே பயம். உம்மாமார் காலத்தில் தொடையிடுக்கில் வெட்டி நாளத்தை இழுத்து எடுத்தார்கள். இப்போது ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய லேசர் இழையை உள்ளே விட்டு, சூட்டினால் நாளத்தை மூடிவிடுகிறார்கள். காலை மட்டும் மரக்கச் செய்வார்கள், பெரும்பாலும் அன்றைக்கே நடந்து வீடு வரலாம். மூடினால் இரத்தம் எங்கே போகும் என்று ஒரு டீச்சர் கேட்டார். ஆழத்திலுள்ள நல்ல நாளங்கள் வழியாகப் போகும். அவை நலமாக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் முதலில் டூப்ளெக்ஸ் ஸ்கேன். பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2013இலேயே, பொருத்தமானவர்களுக்கு வெட்டுவதற்கு முன் இந்த முறையைத்தான் பரிந்துரைத்தது.

ஹிஜாமா மீது எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் புடைத்த நாளத்தின் மேல் கப் வைத்துக் கீறக் கூடாது. கணுக்கால் தோல் கறுத்து, அரித்து, புண்ணாகும் வரை எண்ணெய் தடவிக்கொண்டிருப்பதும் சரியில்லை. 2018இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில் காலில் புண் வந்த 450 பேரைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் கட்டுப் போட்டார்கள். நாளத்தையும் உடனே மூடியவர்களுக்குப் புண் ஆற நடுவளவில் 56 நாள், தள்ளிப் போட்டவர்களுக்கு 82 நாள்.

தனியாரில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது, உண்மைதான். ஆனால் கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் பக்கத்தில்தானே இருக்கின்றன? சத்திரசிகிச்சை கிளினிக்கில் முதலில் காலைக் காட்டுங்கள். பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. கிடைக்கவில்லை என்று வருடக்கணக்காகத் தள்ளிப் போடுவதைத்தான் நாங்கள் ஏற்கமாட்டோம்.

அதிபர்மாரிடமும் ஒன்று கேட்கிறோம். இருந்து படிப்பிக்கும் டீச்சர் சோம்பேறி என்ற கதையை விட்டுவிட்டு, கரும்பலகைக்குப் பக்கத்தில் ஓர் உயரமான ஸ்டூல் போட்டுத் தாருங்கள்.