எட்டு போட்டா போதுமா?

பைக் ஓட்டத் தெரியுமான்னு கேட்டா நம்ம ஊர்ல எவனும் தெரியாதுன்னு சொல்ல மாட்டான். நானும் அப்படித்தான், இருபது வருஷமா ஓட்டிக்கிட்டிருக்கேன். பழனிசெட்டிபட்டியில இருந்து ஆத்துப் பாலம் தாண்டி தேனிக்கு தினமும் போக வர. அந்த ரோட்டுல பஞ்சர் ஆனா கொஞ்ச தூரம் தள்ளினா ஒரு கடை வந்துரும். அந்தத் தைரியத்துலதான் இத்தனை வருஷம் ஓடுச்சு.

போன ஐப்பசியில அந்தத் தைரியம் மொத்தமா இறங்கிருச்சு. டயர்ல காத்து இறங்குற மாதிரியே :-)

பூப்பாறையில பெரியம்மா வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டு சாயங்காலம் திரும்பிட்டிருந்தோம். கிளம்பும்போதே பின் டயர் லேசா அமுங்கின மாதிரி தெரிஞ்சது. "போடி போய் பாத்துக்கலாம்"னு விட்டுட்டேன். போடிமெட்டு தாண்டி நாலஞ்சு வளைவு இறங்கியிருப்பேன், வண்டி பின்னாடி பாம்பு மாதிரி நெளியுது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எப்படியோ ஓரம் கட்டினேன். அம்மாவுக்கு முட்டி வலி, பத்தடி நடக்க முடியாது. மேல இருந்து மூடுபனி இறங்குது. போன்ல டவர் வருது, போகுது.

சீட்டைத் தூக்கிப் பாத்தேன். கம்பெனி குடுத்த டூல்ஸ் பை எங்க போச்சுன்னே தெரியல. இருந்தது ஒரு கரித்துணியும் இன்சூரன்ஸ் ஜெராக்ஸும்தான்.

ஏலத்தோட்டத்துல இருந்து வேலையாட்களை ஏத்திக்கிட்டு இறங்கின ஜீப் ஒண்ணு நின்னுச்சு. அதுல ஏற்கனவே மூச்சு விட இடமில்ல. இருந்தும் அந்தப் பொம்பளைங்க நெருக்கி உக்காந்து அம்மாவுக்கு இடம் குடுத்தாங்க. டிரைவர் அண்ணன், "தம்பி, வண்டிய ஓட்டியோ உருட்டியோ வந்துறாதீங்க, ட்யூப்பு நாறாப் போயிரும். போடியில இருந்து ஆள் அனுப்புறேன்"னாரு. சொன்ன மாதிரி அனுப்பினாரு. ஆனா ரெண்டரை மணி நேரம் அந்த இருட்டுல தனியா நின்னது நான்தானே.

வந்த மெக்கானிக் அரை மணி நேரத்துல வேலைய முடிச்சுட்டான். சின்ன ஆணி. கிளம்பும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அண்ணே, மலை ஏறுறதுக்கு முன்னாடி காத்து பாத்தீங்களா?"

பதில் சொல்ல வாய் வரல.

நண்பர்கள்கிட்ட சொன்னா, "இப்பல்லாம் ட்யூப்லெஸ் வந்துருச்சுப்பா, நீ எந்தக் காலத்துல இருக்க"ங்கிறாங்க. சரிதான், ட்யூப்லெஸ்ல ஆணி ஏறினாலும் காத்து மெதுவாத்தான் இறங்கும். ஆணியைப் பிடுங்காம காத்து அடிச்சு அடிச்சே கடை வரைக்கும் வந்துரலாம். ஆனா நம்ம பக்கம் வாழைத்தாரும் புல்லுக்கட்டும் ஏத்துற எத்தனை வண்டி இன்னும் கம்பி வீல், ட்யூப் டயர்? அதுல ஆணி ஏறினா கொஞ்ச நேரத்துலயே தரை தட்டிரும்.

இன்னொருத்தன் சொல்றான், "நின்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்"னு. அதுவும் பழைய கதை. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்ததுக்கு அப்புறம் விக்கிற வண்டியில பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளுறதே கரண்ட்ல ஓடுற பம்ப்பு. பேட்டரி சுத்தமா செத்துட்டா தள்ளித் தள்ளி உங்க மூச்சு வாங்கும், வண்டி கிளம்பாது. அதுக்குத்தான் பேட்டரி முனை லூஸா இருக்கான்னு பாக்கவும், ஃபியூஸ் எங்க இருக்குன்னும் தெரிஞ்சு வச்சிருக்கணும்ங்கிறேன்.

இப்ப என் வண்டியில இருக்கறது இவ்வளவுதான்: வீல் கழட்டுற ஸ்பேனர், டயர் லீவர் ரெண்டு, ஒட்டு, சொல்யூஷன், மடக்கு பம்ப்பு, ஸ்பேர் ட்யூப், ஃபியூஸ், கிளட்ச் கேபிள், செயின் லாக், டார்ச். ஒரு சின்னப் பைக்குள்ள அடங்கிரும். ட்யூப்லெஸ் வச்சிருக்கறவங்களுக்கு லீவரும் ட்யூப்பும் வேணாம், ரப்பர் திரி போடுற கிட் போதும்.

ஆனா பொருள் மட்டும் இருந்தா பத்தாது. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்ல வச்சு நானே கழட்டி மாட்டிப் பாத்தேன். மொத தடவை ஒண்ணே முக்கால் மணி நேரம், கையில ரெண்டு காயம், பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பு. ட்யூப்பை ஒட்டிட்டு டயருக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாக்காம மாட்டினேன். உள்ள முள்ளு அப்படியே இருந்து திரும்பவும் பஞ்சர்! இந்தப் பாடத்தை மலையில படிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?

ஓடும்போதே காத்து இறங்கினா பதறி பிரேக்கை அமுக்காதீங்க. ஆக்சிலேட்டரை விட்டு, ஹேண்டிலை நேராப் பிடிச்சு, நல்லா இருக்கிற சக்கரத்தோட பிரேக்கை மெதுவாப் பிடிங்க. அப்புறம் பெட்ரோல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல மலை இறங்குற புத்திசாலிகளே, 17 கொண்டை ஊசி வளைவுக்கும் பிரேக் மட்டுமே பிடிச்சா அது சூடாகி கடைசியில பிடிக்காமப் போயிரும். ஏறின கியர்லயே இறங்குங்க.

என் ஆதங்கம் இதுதான். லைசென்ஸ் வாங்கப் போனா எட்டு போடச் சொல்றாங்க, போட்டாச்சுன்னா பாஸ். வீல் கழட்டத் தெரியுமா, டயர்ல எவ்வளவு காத்து இருக்கணும்னு எவரும் கேக்கறதில்ல. இந்த ரெண்டு கேள்வியைச் சேத்தா என்ன குறைஞ்சு போயிரும்? மேகமலை, போடிமெட்டு, குமுளின்னு மூணு பக்கமும் மலையை வச்சிருக்கிற நம்ம மாவட்டத்துலயாவது கேக்கலாம்.

அம்மா இன்னைக்கும் அந்த ஜீப்காரங்களை நெனைச்சு சாமி கும்பிடும்போது ஒரு வார்த்தை வேண்டிக்கிறாங்க. நல்ல மனுஷங்க வருவாங்க, வராமலும் போகலாம். நான் வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி டயரைப் பாத்துக்கிறேன்.

நீங்க கடைசியா எப்ப காத்து பாத்தீங்க?