பிடித்துக்கொண்ட பிஸ்டனும் அவசரச் சம்மட்டியும்

நமது திருப்பூர் ஜில்லாவிலே காங்கயம், தாராபுரம், பல்லடம், அவிநாசி முதலிய தாலூகாக்களில் தோட்டங்களைச் சுற்றி வருவோருக்கு ஒரு காட்சி தப்பாமற் கண்ணிற்படும். கிணற்று மேட்டில் மின்சார மோட்டார்க் கொட்டகை ஒன்று; அதற்குச் சற்று விலகி, ஓடு சரிந்த பழைய கொட்டகை மற்றொன்று. அதனுள்ளே சாக்குப் போர்த்தி, கோழியடையும் இடமாக ஓர் எண்ணெய் எஞ்சின் கிடக்கும். அதைப் பற்றிக் கேட்டால், "பிஸ்டன் பிடிச்சுக்கிட்டதுங்க, இனி எடைக்குத்தான் போடோணும்" என்பார் தோட்டக்காரர். அங்ஙனம் எடைக்குப் போகும் எஞ்சின்களிற் பல இன்னும் உயிருள்ளவை என்பதும், அவற்றைக் கொல்வது துருவைக் காட்டிலும் நமது அவசரமே என்பதும் என் அபிப்பிராயம்.

இந்த எஞ்சின்கள் நம்மிடம் வந்த வரலாறு சுருக்கமானது. கவலையேற்றத்தில் எருதுகள் இறைத்து வந்த இச்சீமைக்கு 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தது. கம்பி எட்டாத கிணறுகளுக்கு எண்ணெய் எஞ்சினே கதியாயிற்று. இங்கிலாந்து தேசத்து லிஸ்டர் கம்பெனியாரின் மந்தகதி எஞ்சினும், அதே மாதிரியில் ராஜ்கோட்டிற் செய்யப்பட்டவைகளும், 1946-இல் புனாவில் தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்சின் கம்பெனியின் யந்திரங்களும் அவ்வகையில் பெயர் பெற்றவை. 1990-இல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானபின் டீசல் வாங்கி இறைப்பார் யார்? ஐந்து குதிரைச் சக்தி எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். ஆகையால் அதை ஒதுக்கியதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் சித்திரை வெயிலில் மின்மாற்றி எரிந்து, மாற்று வந்து சேர நாட்கள் கழியுங்கால், குலை தள்ளிய வாழையும் நாற்றங்காலும் நமக்காகக் காத்திரா. அன்றைக்குத்தான் பழைய கொட்டகையின் கதவு திறக்கப்படுகிறது, பிளைவீல் அசைய மறுக்கிறது, சம்மட்டி வருகிறது.

பிஸ்டன் பிடித்துக்கொள்வது இரண்டு விதம். ஓடும்போதே தண்ணீர் நின்றோ, ஆயில் வற்றியோ சூடேறிப் பிடிப்பது ஒன்று. அலுமினியப் பிஸ்டன் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், லைனருக்குள் இறுகி, தன் உலோகத்தையே அதன்மேல் அப்பிவிடும். இதற்குப் பெரும்பாலும் பிஸ்டனும் லைனரும் மாற்றியே தீரவேண்டும். மற்றொன்று, சும்மா கிடந்து பிடிப்பது. எஞ்சின் நின்ற நிலையில் ஒரு வால்வு திறந்திருந்தால், புகைக்குழாய் வழியே ஐப்பசி மழையின் ஈரக்காற்று உள்ளே இறங்கும். துருவானது தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கொள்ளுவது. ஆதலின் ரிங்குக்கும் லைனருக்கும் இடையே ஆப்பு வைத்தாற்போல் நின்றுவிடும். கொட்டகைகளில் நாம் காண்பது அநேகமாய் இந்த இரண்டாம் வகையே. இது பொறுமைக்கு இணங்கும்.

நமது பக்கத்தில் இதற்கு உப்பும் துணை செய்கிறது. சாயக்கழிவு நொய்யலிற் கலந்ததும், 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமற் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் யாவரும் அறிந்தவை. நிலத்திலும் கிணற்றிலும் இறங்கிய உப்பு ஓர் உத்தரவினால் ஏறி வந்துவிடாது. அந்தக் கிணற்று நீரையே எஞ்சினைச் சுற்றிக் குளிர்விக்க விட்டால், லைனரின் வெளிப்புறம் அரித்து, நாளடைவில் சிலிண்டருக்குள் நீர் கசியும். மழைநீரை ஒரு பீப்பாயில் நிரப்பி, அதையே சுழலவிடுவது எவ்வளவோ மேல்.

பிடித்த எஞ்சினைத் தொடுமுன் பம்பை இணைக்கும் பெல்ட்டைக் கழற்றிப் பார்க்கவும். சில சமயம் பிடித்திருப்பது பம்பு, பழி எஞ்சினுக்கு. பிஸ்டனே பிடித்திருப்பது உறுதியானால், தண்ணீரை வடித்து, நாசிலையும் பின்பு ஹெட்டையும் கழற்றி, பிஸ்டனுக்கு மேலே தெரியும் துருவை உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைத்தெடுக்க வேண்டும். மேல்விளிம்புத் துருவை விட்டுவைத்தால் பிஸ்டன் அதிலேயே மறுபடியும் மாட்டும். பிறகு டீசலும் மண்ணெண்ணெயும் சமமாய்க் கலந்து, சிறிது எஞ்சின் ஆயிலும் சேர்த்து, பிஸ்டன் தலைமேல் இரண்டு விரற்கடை நிற்க ஊற்றி விட்டுவிடுக. எத்தனை நாள் என்று கேட்பார்கள். மூன்று நாளிலும் இணங்கும். மூன்று வாரமும் ஆகும். எண்ணெய் இறங்க இறங்க மேலும் ஊற்றி வரலாம். எண்ணெய் ஊற்றுமுன் ஒரு நாள் ஜாக்கெட்டில் வெந்நீர் விட்டு ஆறவிடுவதும் நல்லது. விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி தளரும். நெருப்பு ஜுவாலையை மாத்திரம் காட்டலாகாது. வார்ப்பிரும்பு வெடிக்கும், ஊற்றிய எண்ணெயும் பற்றும்.

ஊறியபின் கருவேலங்கட்டையைச் சிலிண்டர் அளவுக்கு வட்டமாய்ச் செதுக்கி வைத்து, மரச் சுத்தியால் சுற்றிலும் மெதுவாய்த் தட்டவும். மயிரிழை அசைந்தால் போதும். உடனே எதிர்ப்பக்கம் அசைத்து, மறுபடி எண்ணெய் விட்டு, இருபுறமும் ஆட்டி ஆட்டியே வழி உண்டாக்க வேண்டும். பிஸ்டன் உச்சியில் நிற்கையில் மேலிருந்து அடிப்பது வீண். கிராங்கு நேர்கோட்டில் நிற்பதால் ஒரு சிறிதும் சுழலாது. அடி முழுவதும் பிஸ்டன் தலையிலும் பேரிங்கிலும் இறங்கும். அந்நிலையில் கிராங்குப் பெட்டியின் மூடியைத் திறந்து, கனெக்டிங் ராடின் அடிமூடியைக் கழற்றி, கட்டை வைத்து ஜாக்கியால் மேல்நோக்கித் தள்ளுவதே முறை.

காங்கயத்துக்கு அருகில் ஒரு தோட்டத்தில், பத்து நாள் ஊறவைக்கும்படி நான் சொல்லி வந்த எஞ்சினை, மூன்றாம் நாள் பிளைவீலில் கயிறு கட்டி டிராக்டரால் இழுத்துவிட்டார்கள். பிஸ்டன் விட்டுக்கொடுத்தது வாஸ்தவம். கனெக்டிங் ராடு வளைந்து, பிளைவீலின் ஆரமும் விரிந்தது. ஏழு நாள் மிச்சப்படுத்திய கணக்கில் ஓர் எஞ்சின் எடைக்குப் போயிற்று. இதே குடும்பத்தார்க்குத் திருப்பூரில் பனியன் தறிகளும் உண்டு. ஊசிக்கு எண்ணெய் விடாமல் பின்னல் யந்திரத்தை ஒரு நாளும் நிறுத்தி வைக்க மாட்டார்கள்! தோட்டத்து யந்திரம் மாத்திரம் ஏன் மாற்றாந்தாய்ப் பிள்ளை?

விடுபட்ட எஞ்சினை அன்றே ஓட்ட முனைவதும் பிழை. பிஸ்டனை வெளியே எடுத்து ரிங்குகளையும் காடிகளையும் சுத்தம் செய்து, லைனரை அளந்து பார்த்து, பழைய ஆயிலை மாற்றவேண்டும். ஊற்றிய எண்ணெய் பிஸ்டன்மேல் மிச்சமிருந்து வால்வுகளும் மூடியிருந்தால், திரவம் அமுங்காது; சுழற்றும் வேகத்தில் ராடு வளையும். அவ்வெண்ணெயே எரிபொருளாகி எஞ்சின் அடங்காமற் பறப்பதும் உண்டு. முதன்முறை கிளப்புகையில் காற்றுக்குழாயை மூட ஒரு பலகை கைவசம் இருக்கட்டும். ஜாக்கெட் வெடித்தோ, அரித்து ஓட்டையாகியோ இருந்தால் ஆசையை விட்டு எடைக்கே போட்டுவிடலாம். அதிற் பணம் கொட்டச் சொல்ல மாட்டேன்.

நல்ல எஞ்சின் வைத்திருப்போர் வாரம் ஒருமுறை கையால் நாலு சுற்றுச் சுற்றி, இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தி, புகைக்குழாய் வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்த்தாற் போதும். கால் மணி நேர வேலை.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஊருக்கு ஓர் எஞ்சினாவது ஓடும் நிலையில் வண்டியிற் பூட்டியிருந்தால், மின்மாற்றி எரிந்த தோட்டத்துக்கு முறைவைத்து அனுப்பலாம். எவரெவர் கொட்டகையில் என்ன எஞ்சின், எந்நிலையிற் கிடக்கிறதென்று ஒரு ஜாபிதா எடுப்பதற்கு அரை நாளுக்கு மேற் செல்லாது. அந்த ஜாபிதாவைப் பங்குனிக்குள் எடுத்துவிட்டால், ஊறவைக்க வேண்டியவற்றைச் சித்திரை வெயிலுக்கு முன்னரே ஊறவைத்துவிடலாம்.