சிறு கப்பலை நம்ப மறுத்த கடற்படை

1942 ஜூலை 30. மெக்சிகோ வளைகுடாவில் ‘ராபர்ட் ஈ. லீ’ என்ற அமெரிக்கப் பயணிகள் கப்பலை ஜெர்மனியின் யூ-166 நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. 25 பேர் இறந்தனர். காவலுக்கு உடன் வந்த பிசி-566 ரோந்துக் கப்பல், பெரிஸ்கோப் தெரிந்த இடத்தை நோக்கிப் பாய்ந்தது. சோனாரில் எதிரொலி கிடைத்ததும் நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளை அடுத்தடுத்து வீசியது. சற்று நேரத்தில் கடல்மேல் எண்ணெய் படர்ந்தது.

நீர்மூழ்கியை மூழ்கடித்ததாக பிசி-566-இன் கேப்டன் ஹெர்பர்ட் கிளாடியஸ் தந்த அறிக்கையை அமெரிக்கக் கடற்படை நம்பவில்லை. அவருடைய குழுவுக்கு நீர்மூழ்கி வேட்டையில் முறையான பயிற்சி இல்லை என்பதைக் காரணம் காட்டி, அவரையே பயிற்சிக்கு அனுப்பியது. இரண்டு நாள் கழித்து, நூறு மைலுக்கும் அப்பால் குண்டு வீசிய கடலோரக் காவல்படை விமானத்துக்கு யூ-166-ஐ மூழ்கடித்த பெருமை போய்ச் சேர்ந்தது. உண்மையில் விமானம் தாக்கியது வேறொரு நீர்மூழ்கியை, அது தப்பிவிட்டது. 2001-இல் எண்ணெய்க் குழாய்ப் பாதைக்கான ஆய்வின்போது, ‘ராபர்ட் ஈ. லீ’ கிடக்கும் இடத்திலிருந்து இரண்டு மைலுக்குள் யூ-166 கண்டுபிடிக்கப்பட்டது. 2014-இல் கடற்படை தன் பதிவைத் திருத்தியது. மறைந்த கிளாடியஸுக்கான பதக்கத்தை அவர் மகன் பெற்றுக்கொண்டார்.

இந்த அநீதியின் வேர் பெரிய கப்பல் மோகம். 173 அடி நீளமுள்ள பிசி ரகக் கப்பல்களைச் சிறிய தளங்களிலும் கட்டலாம். கரையோரக் காவலுக்கு எண்ணிக்கைதான் முக்கியம். முதல் உலகப் போரில் நானூறுக்கும் மேற்பட்ட மரப் படகுகளை நீர்மூழ்கி வேட்டைக்கென்றே கட்டிய அமெரிக்கா, அந்தப் பாடத்தை இருபது ஆண்டுகளில் மறந்தது. 2,000 டன்னுக்குக் குறைந்த கப்பலை அதிகாரிகள் பொருட்படுத்தவில்லை என்று 1942 மார்ச்சில் சர்ச்சிலுக்கு எழுதினார் அதிபர் ரூஸ்வெல்ட். அதற்குள் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில் எத்தனையோ சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் மூழ்கியிருந்தன.

மே மாதம் அந்தக் கரையில் கப்பல்கள் அணியாகவும் காவலோடும் செல்லத் தொடங்கின. எளிய இரை கிடைக்காத நீர்மூழ்கிகளை ஜெர்மன் தளபதி டோனிட்ஸ் மெக்சிகோ வளைகுடாவுக்கும் கரீபியக் கடலுக்கும் திருப்பினார். எதிரியை இப்படி விலக வைப்பதில்தான் ரோந்துக் கப்பலின் மதிப்பு இருக்கிறது. பத்திரமாகக் கரை சேர்ந்த சரக்கை எந்த வெற்றிப் பட்டியலும் காட்டாது. மூழ்கடித்த நீர்மூழ்கிகளை மட்டும் எண்ணுகிறவர்களுக்குச் சிறு கப்பல் வீண் செலவாகவே தெரியும்.

இந்தியக் கடற்படை இன்று ஆழம் குறைந்த கடலில் நீர்மூழ்கிகளைத் தேட 16 சிறு கப்பல்களைக் கட்டிவருகிறது. அவற்றில் முதலாவதான ‘அர்ணாலா’ நம் காட்டுப்பள்ளித் தளத்தில் உருவாகி 2025 ஜூனில் சேவைக்கு வந்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், கப்பல் வந்தால் மட்டும் போதாது. கடலுக்கு அனுப்பும் முன்பே குழுவுக்கு முழுப் பயிற்சி வேண்டும். திரும்பிவந்து அவர்கள் தரும் அறிக்கையைக் கப்பலின் அளவு பார்க்காமல் ஆராய வேண்டும். பயிற்சி தராமல் அனுப்பிவிட்டு, பயிற்சி இல்லை என்று சொல்லி அவர்கள் சொல்லைத் தள்ளுவது எந்தப் படைக்கும் அழகல்ல.